பலாபத்வலப் பாதையில் காமன் கூத்து

உலகெங்கணும் உள்ள சிற்றூர் மக்கள், ஆண்டில் ஒரு சில நாட்களேனும் தம் அன்றாடத் தொழிலை மறந்து, வேறு வேடம் பூண்டு, தம் ஊராருக்குத் தாமே ஒரு கதையை நடித்துக் காட்டுவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஜெர்மனி நாட்டின் தென்பகுதியிலே, பவேரிய மலைச்சாரலில், ஓபரம்மர்கௌ என்னும் ஊர் ஒன்று உண்டு. 1633ஆம் ஆண்டில் அவ்வூரிற் கொள்ளைநோய் பரவிற்று. நோய் நீங்குமாயின் இயேசுநாதரின் பாடுகளைக் காலந்தோறும் நாடகமாக நடிப்போம் என்று ஊரார் நேர்ந்துகொண்டனர். மறு ஆண்டே முதல் நாடகம் அரங்கேறியது. இடையிற் சிற்சில தடைகள் நேர்ந்தபோதிலும், பத்தாண்டுக்கு ஒருமுறை அந்த நேர்த்திக்கடனை அவ்வூரார் இன்றுவரை செலுத்தி வருகின்றனர். 2020இல் நடைபெற வேண்டிய நாடகம் கொரோனா நோயினால் தடைப்பட்டபோது, இரண்டாண்டு பொறுத்து 2022இல் அதனை நடத்தி முடித்தனர். நடிப்பவர் தொழில்முறை நடிகர் அல்லர். மரச்சிற்பம் செய்வோரும், கடை வைத்திருப்போரும், ஆசிரியரும், மாணவருமே நடிகர். மேடையேறும் ஆடவர் ஓராண்டுக்கு மேலாக முடியும் தாடியும் வளர்த்தல் வேண்டும் என்பது அங்கே எழுதி ஒட்டப்படும் ஊர்க்கட்டளை.

இத்தகைய விழா ஒன்றைக் காண்பதற்கு இலங்கைவாழ் தமிழர் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. மாத்தளை நகரிலிருந்து வடக்கே தம்புள்ளையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் பயணம் செய்தாலே போதுமானது. பௌத்த மறைகள் ஏட்டில் எழுதப்பட்ட இடமாகப் போற்றப்பெறும் அலுவிகாரையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் பலாபத்வல என்னும் சிற்றூர் வரும். சாலையோரத்திற் கடைகளும், பள்ளத்தில் வயல்களும், மேட்டிலே ரப்பரும் கொக்கோவும் மிளகும் தேயிலையும் வளரும் தோட்டங்களும் கொண்ட நிலப்பரப்பு அது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலநிறமாய் உயர்ந்து நிற்கும். வயலை அடுத்த கிராமங்களிற் சிங்கள மக்களும், மேட்டிலுள்ள லயங்களிற் பெரும்பாலும் தமிழ் மக்களும் வாழ்கின்றனர். மாசி மாதத்து வளர்பிறை இரவுகளில் இப்பக்கத்து மலைச்சரிவுகளிலிருந்து தப்பொலி எழுமாயின், காமன் ஊன்றிவிட்டார்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

காமன் கூத்து இம்மலைநாட்டிற்கு எவ்வாறு வந்தது என்பதற்கு அந்த நெடுஞ்சாலையே விடை கூறும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மாத்தளை, கண்டிப் பகுதிகளிற் காடுகளை அழித்துக் கோப்பித் தோட்டங்கள் திறந்தபோது, அவற்றில் வேலை செய்வதற்குத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் அழைத்துவரப்பட்டனர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், கங்காணியின் பின்னே காட்டு வழியாக நடந்தனர். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று நீண்ட அவ்வழி மாத்தளையில் வந்து முடிந்தது. ஏறத்தாழ 150 மைல் தூரத்தை, மூட்டை முடிச்சுக்களைத் தலையிலும் குழந்தைகளை இடுப்பிலும் சுமந்து கடந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். வறண்ட காட்டைத் தாண்டி, நாலந்தாவையும் கடந்து, பலாபத்வலப் பக்கத்தை எட்டியவனுக்கு, உயிர் பிழைத்து வந்து சேர்ந்துவிட்டோம் என்ற எண்ணம் அங்கேதான் முதன்முதலாகத் தோன்றியிருத்தல் கூடும்.

அவ்வாறு வந்தவர்களிடம் பொருள் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆயினும் மூன்றினை அவர்கள் கொண்டுவந்தனர். ஒன்று, நோயையும் மழையையும் தன் கையில் வைத்திருப்பவள் என்று அவர்கள் நம்பிய மாரியம்மன். மற்றொன்று, ஊரில் அடித்துப் பழகிய தப்பு. பிறிதொன்று, மாசியில் ஆடும் காமன் கூத்து. மாரியம்மனுக்கு மாத்தளை நகரிலே கோயில் எழுந்தது. ஸ்ரீ முத்துமாரியம்மன் தேவஸ்தானம் என்று இன்று நாடறிந்து விளங்கும் அக்கோயிலில், மாசி மகத்தன்று பஞ்சரதங்கள் நகர வீதிகளிற் பவனி வருகின்றன. தோட்டங்களிலிருந்து திரண்டு வரும் மக்கள் வடம் பிடிக்கின்றனர். 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்திலே அக்கோயில் தீயிடப்பட்டது. பின்னர் மக்கள் அதனைப் புதுக்கித் தேரோட்டத்தைத் தொடர்ந்தனர். தேர்த்திருவிழா நகரத்திற்கு உரியது. அதனைக் காணப் பல்லாயிரவர் வருவர். காமன் கூத்தோ தோட்டத்திற்கு உரியது. அதற்குக் கோபுரமும் இல்லை, மண்டபமும் இல்லை. ஒரு பொட்டல் நிலமும், ஒரு கம்பமும், விரதம் காக்கும் சிலரும் இருந்தாற் போதும்.

கூத்தின் கதை தமிழ் மக்கள் நன்கறிந்த பழங்கதையே. அசுரரின் கொடுமையைத் தாங்காத தேவர்கள், சிவபெருமானுக்கு ஒரு மைந்தன் தோன்றினாலன்றித் தமக்கு விமோசனம் இல்லை என்று உணர்ந்தனர். பெருமானோ யோகத்தில் ஆழ்ந்திருந்தார். அந்த யோகத்தைக் கலைக்கும்படி இந்திரன் மன்மதனை ஏவினான். கரும்பை வில்லாகவும், வண்டின் வரிசையை நாணாகவும், ஐவகை மலர்களை அம்பாகவும் உடைய மன்மதன் கணை தொடுத்தான். நெற்றிக்கண் திறந்தது, மன்மதன் சாம்பலானான். இரதி கதறி அழுது வேண்ட, இறுதியில் மன்மதன் உயிர் பெற்றான். எனினும் உருவம் அவனுக்கு மீளவில்லை. இரதியின் கண்ணுக்கு மட்டுமே தோன்றுபவனாகவும், உலகத்தார் கண்ணுக்கு உருவற்றவனாகவும் அவன் இருக்கலானான். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் இக்கதை காமதகனப் படலமாக விரிகின்றது. மன்மதன் எரிந்த தலம் என்று மயிலாடுதுறைக்கு அண்மையிலுள்ள திருக்குறுக்கை வீரட்டம் போற்றப்படுகின்றது. புகார் நகரிற் காமவேள் கோட்டம் ஒன்று இருந்தமையைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுவதால், தமிழகத்திற் காமனை வழிபட்ட வழக்கம் மிகப் பழையது என்பது பெறப்படும். தஞ்சைப் பகுதியிலோ, மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் எதிரெதிரே அமர்ந்து, விடிய விடிய லாவணி பாடி வாதிடுவது பெருவழக்காயிருந்தது.

மலைநாட்டுத் தோட்டங்களில் இக்கதை ஓர் இரவு நாடகமாக மட்டும் அமையவில்லை. இரு வாரங்களுக்குக் குறையாமல் நடக்கும் ஒரு வாழ்க்கை முறையாகவே அமைந்துள்ளது. தோட்டத்திற்குத் தோட்டம் சிறு வேறுபாடுகள் உண்டாயினும், பொதுவான முறை இதுவாகும். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றும் வேளையிற் காமன் ஊன்றப்படும். கரும்பும் ஆமணக்கங் கொம்பும் பிறவும் சேர்த்துக் கட்டி, வைக்கோற்புரி சுற்றிய ஒரு கம்பத்தைக் காமன் பொட்டலில் நடுவார்கள். அன்றுமுதல் அக்கம்பமே மன்மதன். வேடம் பூணுவோர் காப்புக் கட்டிக்கொள்வர். மதுவும் மாமிசமும் விலக்கி விரதம் காப்பர். பகலிற் கொழுந்து நிறுத்தும், ரப்பர் மரத்திற் பால் வெட்டியும், கான் வெட்டியும் வேலை செய்பவர்கள், இரவானதும் பொட்டலிற் கூடிக் கூத்து வாத்தியாரின் முன்னிலையிற் பாட்டும் அடவும் பழகுவர். பாட்டுக்கள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் வாய்வழியாக வந்தவை.

தப்பைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறுதல் வேண்டும். வட்டச் சட்டத்தில் தோல் போர்த்து, தீயிற் காய்ச்சிச் சுருதி ஏற்றி, இரு குச்சிகளால் அடிக்கப்படுவது அது. தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பி வேலைக்களத்திற்கு அழைப்பதற்கு ஒரு காலத்திலே தப்புத்தான் அடிக்கப்பட்டது. அதனைப் பிரட்டுத் தப்பு என்று வழங்கினர். அந்த ஒலியைக் கேட்டு எழுந்து வராதவனுக்கு அன்றைய பெயர் இல்லை. பெயர் இல்லையேற் கூலியும் இல்லை. சாவுக்கு ஓர் அடி, கலியாணத்திற்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டிற்கு ஓர் அடி என்று வெவ்வேறு அடிகள் உண்டு. விடியலில் துரையின் கட்டளையாக ஒலித்த அதே தோல், மாசி இரவுகளில் மக்களின் விருப்பமாக ஒலித்தது. பகலெல்லாம் தம் காலத்தைப் பிறருக்கு விற்றவர்கள், இரவிலே அந்த ஒலியைக் கேட்டுத் தம் காலத்தைத் தமதாக்கிக் கொண்டார்கள். எனினும் அத்தப்பை அடித்த கலைஞர்களைச் சாதியின் பெயரால் தாழ்வாக நடத்திய குறையும் அச்சமூகத்தில் இருந்தது. அவர்கள் இல்லாமற் கூத்தின் ஒரு காட்சியும் நகராது என்பதை எண்ணும்போது, அக்குறை இன்னும் பெரிதாகத் தோன்றும்.

நிறைநிலவை ஒட்டிய இரவிலே கூத்து உச்சத்தை அடையும். அன்று மாலையில் மன்மதனும் இரதியும் மணக்கோலத்தில் லயம் லயமாக உலா வருவர். இரதியாக வருபவரும் ஓர் ஆடவரே. வாசல்தோறும் பெண்கள் மஞ்சள் நீர் கொண்டு அவர்கள் பாதத்தை நனைத்து ஆலத்தி எடுப்பர். நேற்றுவரை பக்கத்து அறையிற் குடியிருந்த பையன் என்ற நினைவு அவ்வேளையில் எவருக்கும் எழுவதில்லை. பெற்ற தாயே மகனின் காலைத் தொட்டு வணங்குவதும் உண்டு. தூதன் துள்ளிக் குதித்து வந்து இந்திரனின் ஓலையை நீட்டுவான். இரதி தான் கண்ட தீய கனவைச் சொல்லிக் கணவனைத் தடுப்பாள். கடமையா, மனைவியின் கண்ணீரா என்று மன்மதன் தடுமாறும் இடம் நெடுநேரம் பாட்டாக நீளும். குறவன், குறத்தி முதலியோர் வந்து குழந்தைகளைச் சிரிக்க வைப்பர். வீரபத்திரன் வரும்போது சிரிப்பு அடங்கிவிடும். ஆவேசம் கொண்ட அவனைப் பலர் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். எமன் வருவான். சிவன் உயர்ந்த பரணிலே அசையாது அமர்ந்திருப்பார். விடிவெள்ளி தோன்றும் வேளையில் மலர்க்கணை பறக்கும். காமன் கம்பத்தில் தீ மூளும்.

அடுத்து வருவது இரதியின் ஒப்பாரி. இக்கூத்தின் உயிர்நிலை அதுவே எனலாம். தமிழ் மரபில் ஒப்பாரி பெண்களுக்கு உரிய கலை. மேடையிலோ பெண்வேடம் பூண்ட ஆடவரே அதனைப் பாடுகின்றார். ஆனாற் பொட்டலின் ஓரத்திற் போர்வை போர்த்து அமர்ந்திருக்கும் பெண்கள் வாளா இருப்பதில்லை. அட்டை கடித்த காலோடு மலையேறி இறந்த கணவனையும், மருந்தின்றி மாண்ட குழந்தையையும், கடலுக்கு அப்பால் விட்டுவந்த தாயையும் எண்ணி அவர்களும் அழுவர். புராணத்து இரதி அவர்களுக்குத் தம் துயரை வாய்விட்டுச் சொல்ல ஒரு வாய்ப்பைத் தருகின்றாள். பொழுது புலர்ந்ததும் அவர்களே கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் புறப்படுவர். மூன்றாம் நாள் சாம்பலிற் பால் தெளித்துக் காமனை எழுப்புவதோடு விழா நிறைவெய்தும்.

அயலூரிலிருந்து கூத்துக் காண வருபவர் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. இரவுப் பனிக்குக் கம்பளி வேண்டும். காமன் கம்பத்திற்கு அருகே செருப்போடு செல்லலாகாது. வேடம் புனைந்தவர் விரதத்தில் இருப்பவராதலின் அவரைத் தொட்டுப் பேசுதல் கூடாது. கட்டணம் எதுவும் இல்லை. ஆயினும் காணிக்கை வைப்பது முறை. வந்தவர் யாராயினும் லயத்து வாசலிற் பாய் விரித்து, சாயம் மிக்க வெறுந்தேநீரும் ரொட்டியும் கொடுக்காமல் அனுப்புவதில்லை. அண்டைக் கிராமத்துச் சிங்கள மக்களும் வந்து அமர்ந்து பார்ப்பதுண்டு.

நெருப்பு மூட்டிப் பருவத்தை மாற்றும் விழாக்கள் பிற நாடுகளிலும் உள்ளன. வட இந்தியாவில் இதே காலத்து நிறைநிலவிலே ஹோலித் தீ எரிகின்றது. ஜெர்மனியின் சுவேபியப் பகுதியிற் குளிர்காலத்தை ஓட்டுவதற்காக மரக்கட்டைகளைக் கோபுரம்போல் அடுக்கி, உச்சியில் ஒரு சூனியக்காரிப் பொம்மையை வைத்துக் கொளுத்துவர். அதுவும் பெரும்பாலும் மாசி மாதத்தை ஒட்டியே வரும். மக்கள் மனம் எங்கும் ஒன்றே என்பதற்கு இவை சான்று. ஆயினும் ஓபரம்மர்கௌவிற்கும் பலாபத்வலப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அது கலையைப் பற்றியதன்று, மண்ணைப் பற்றியது.

ஓபரம்மர்கௌவில் நடிக்க விரும்புபவர் அவ்வூரிற் பிறந்தவராக இருத்தல் வேண்டும். அன்றேல் அங்கே இருபது ஆண்டுகள் வாழ்ந்தவராக இருத்தல் வேண்டும் என்பது விதி. இருபது ஆண்டு வாழ்ந்தவனை அவ்வூர் தன்னவன் என்று ஏற்றுக்கொள்கின்றது. இலங்கைத் தோட்டங்களிலோ, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து உழைத்த மக்களிற் பெரும்பான்மையோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் ஒரு நாட்டிற்கும் தம்பி மறு நாட்டிற்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வழங்கிற்று. முன்னோர் நடந்து வந்த வடதிசையையே நோக்கி, வழியனுப்பியவர் அழுகையின் நடுவே அவர்களுடைய வழித்தோன்றல்கள் திரும்பிச் சென்றார்கள்.

போனவர்களுள் கூத்து வாத்தியார்களும் இருந்தனர். இரதியாக ஆடியவர்களும், தப்பு அடித்தவர்களும் இருந்தனர். பாட்டுக்கள் ஏட்டில் இல்லாமையால், ஒரு வாத்தியார் கப்பலேறியபோது அவரோடு ஒரு தோட்டத்தின் கூத்தும் கப்பலேறிற்று. எஞ்சியிருந்தவர்கள் அடுத்த மாசியில் நினைவில் நின்றவற்றை ஒட்டவைத்து ஆடினர். ஒருவர் இரண்டு வேடம் பூண்டார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து தப்பு வரவழைக்கப்பட்டது. எவ்வாறாயினும் காமன் ஊன்றாமல் விட மனம் இல்லை. விட்டுவிட்டால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொள்ள எதுவும் இராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்று நிலைமை மாறியுள்ளது. 2003ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், 1964 ஒப்பந்தக் காலந்தொட்டு இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழிவந்தோருக்கும் குடியுரிமைக்கான வழியைத் திறந்தது. பிள்ளைகள் படிக்கின்றனர், ஆசிரியராகவும் அலுவலராகவும் உயர்கின்றனர். வேறு பலர் கொழும்பிற் கடைகளிலும், கடல் கடந்த நாடுகளில் வீட்டு வேலைகளிலும் பிழைப்புத் தேடுகின்றனர். இரண்டு வாரம் விரதமிருந்து கூத்துப் பழகுவதற்கு இளைஞர் தோட்டத்தில் தங்குவது அரிதாகி வருகின்றது. கலைவிழா மேடைகளிலே காமன் கூத்துச் சிறு காட்சியாகச் சுருங்கி ஆடப்படுவதும் உண்டு. அதனாற் கூத்தின் பெயர் பரவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேடையிற் கம்பம் இல்லை, விரதம் இல்லை, மூன்றாம் நாட் பாலும் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டுப் பாடல்களை அரும்பாடுபட்டுத் தொகுத்தமை போல, ஒவ்வொரு தோட்டத்துக் கூத்துப் பாட்டும் அந்தந்தத் தோட்டத்து முதியவர் வாயிலிருந்தே பதிவு செய்யப்படுமானால், ஒருவர் மறைவதோடு ஒரு கூத்து மறையும் நிலை நீங்கும். பள்ளியிற் பயிலும் பேரனுக்குத் தாத்தாவின் பாட்டை எழுதி வைத்தல் எளிய வேலையே. பெண்களும் பொட்டலின் ஓரத்திலிருந்து நடுவிற்கு வந்து இரதியின் ஒப்பாரியைத் தாமே பாடும் நாள் வருமாயின், கூத்து வலுப்பெறுமேயன்றிக் குன்றாது.

மன்மதன் உயிரோடு இருக்கின்றான். ஆனால் இரதி ஒருத்தியின் கண்ணுக்கே தெரிகின்றான் என்பது புராணம். தோட்டத்து மக்களுக்கு அது வெறுங்கதையாக இருக்கவில்லை. அவர்கள் உயிரோடு இருந்தார்கள், உழைத்தார்கள், அவர்கள் பறித்த தேயிலை உலகெங்கும் சென்றது. ஆயினும் பல ஆண்டுகள் நாட்டின் பேரேட்டில் அவர்களுக்கு உருவம் இல்லை. அந்த ஆண்டுகளில் ஒருவரையொருவர் அவர்கள் பார்த்துக்கொண்ட இடம் காமன் பொட்டல். கால் அடி நிலமும் சொந்தமில்லாதவர்கள், மாசி மாதத்தில் ஒரு பொட்டலைத் தமதென்று கொண்டு, அதன் நடுவே ஒரு கம்பத்தை ஊன்றினார்கள். பலாபத்வலச் சாலையில் இரவிற் பயணம் செய்பவர், மலைச்சரிவில் தூரத்துத் தீயொன்றைக் காண்பாராயின், வண்டியைச் சற்று நிறுத்தித் தப்பொலிக்குச் செவி கொடுத்துச் செல்லட்டும்.